வீட்டில் சொல்லாமல் விழுங்கும் மாத்திரை

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற விவசாயி நான். வயது 56. ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, பிபியும் உண்டு. போன வருடம் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு மூட்டை ஏற்றும்போது நெஞ்சை அடைத்தது. ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்துவிட்டு, மதுரைக்குப் போய் இதய டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். நான் போகவில்லை. நெஞ்சு அடைத்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி சார்பிட்ரேட் மாத்திரை கொடுத்தார்கள். அதை என் மனைவி பத்திரமாக வைத்திருக்கிறாள். மேட்டில் ஏறினால் இப்போதும் சில நாள் அடைக்கிறது.

இரண்டு வருடமாகத் தாம்பத்தியம் சரியாக இல்லை. ஜீப் ஓட்டும் நண்பர் ஒருவர், வத்தலக்குண்டில் வாங்கியது என்று நான்கு மாத்திரை கொடுத்தார். அட்டையை வெட்டிக் கொடுத்ததால் பெயர் தெரியவில்லை. ‘100 பவர்’ என்றார். பாதிப் பாதியாக இரண்டு முறை போட்டேன். பலன் இருந்தது. ஆனால் முகம் காந்தியது, தலை இடித்தது. கடைசியாகப் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. பிபி மாத்திரைதான் இந்தக் குறைக்குக் காரணம் என்று அவர் சொன்னதால் பத்து நாளாக அட்டெனோலாலையும் நிறுத்திவிட்டேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊருக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் எனக்கு மருமகள் முறை. அவளிடம் எப்படிக் கேட்பது? மிச்சம் மூன்று மாத்திரை இருக்கிறது. தொடர்ந்து போடலாமா?

பதில்:

ஐயா, இப்போதைக்குப் போடக் கூடாது. பாதியும் கூடாது, கால்வாசியும் கூடாது. இப்போதைக்கு என்றுதான் சொல்கிறேன், என்றைக்குமே கூடாது என்று சொல்லவில்லை. அந்த நாள் வருவதற்கு வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு உண்டு.

உங்கள் நண்பர் கொடுத்தது அனேகமாக சில்டெனாஃபில், அதாவது வயாகரா என்ற பெயரில் பலரும் அறிந்த விறைப்பு மாத்திரை. ‘100’ என்று அவர் சொன்னதை வைத்து ஊகிக்கிறேன்; அட்டையைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த வகை மாத்திரையைப் பொறுத்தவரை மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மருந்து வைத்திருக்கிறீர்களா? உங்களிடம் இருக்கிறது. சார்பிட்ரேட் என்பது நைட்ரேட்தான்.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்டக்காரரான உங்களுக்கு எளிதாகச் சொல்லலாம். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஒரு பொருள் நம் உடம்பிலேயே சுரக்கிறது. சார்பிட்ரேட் அதன் மடையை முழுசாகத் திறந்துவிடுகிறது. சில்டெனாஃபில் அந்தப் பொருள் வடிந்து போகிற வழியை அடைத்துவிடுகிறது. ஒரு பக்கம் பாய்ந்து வந்துகொண்டே இருக்க, மறு பக்கம் வடியாமல் நின்றால் பாத்தி என்ன ஆகும்? உடம்பில் அப்படி நடந்தால் எல்லா ரத்தக் குழாய்களும் ஒரேயடியாகத் தளர்ந்து, ரத்த அழுத்தம் சில நிமிடங்களில் தரைக்கு இறங்கிவிடும். ஏற்கெனவே அடைப்பு இருக்கும் இதயத்துக்கு அந்த நேரத்தில் ரத்தம் போய்ச் சேராது. மயக்கத்தோடு தப்பித்தவர்கள் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது தலை இடித்ததோ முகம் காந்தியதோ அல்ல. சார்பிட்ரேட் உங்கள் மனைவியிடம் இருக்கிறது, மற்ற மாத்திரையைப் பற்றி அவருக்குத் தெரியாது என்பதுதான். அந்த மாத்திரையைப் போட்ட இரவில் உங்களுக்கு நெஞ்சு அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன செய்வார்? எழுந்து ஓடிப் போய், டாக்டர் சொன்னபடியே, உங்கள் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட்டை வைப்பார். அவர் செய்வதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதுவே உங்களை எமனிடம் கொண்டுபோய் விட்டுவிடக்கூடும். மேல்மலையிலிருந்து கொடைக்கானல் போய்ச் சேரவே இரவில் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் இன்றைக்குச் செய்ய வேண்டிய முதல் காரியம், உங்கள் மனைவியிடம் சொல்வது. சுற்றி வளைக்க வேண்டாம். “இப்படி ஒரு மாத்திரை இரண்டு தடவை போட்டேன், இது அந்த நெஞ்சு மாத்திரையோடு சேரக் கூடாதாம், இனி போட மாட்டேன்” என்று சொன்னால் போதும். கோபப்படலாம், அழலாம். இரண்டு வருடமாக நீங்கள் விலகிப் படுப்பதற்கு அவராக ஏதோ ஒரு காரணத்தை நினைத்துக்கொண்டு மனதுக்குள் வைத்திருக்கவும் கூடும். நான் பார்த்த பல வீடுகளில் மனைவி ‘தன் மேல் பிடிப்பு விட்டுப் போச்சு’ என்றுதான் நினைத்திருந்தார். இது ரத்தக் குழாயிலும் நரம்பிலும் உள்ள பிரச்சினை என்று தெரிந்தபோது கோபத்தைவிட நிம்மதியே அதிகம் வந்தது.

இன்னொன்று. இதைப் படித்து பயந்துபோய், இனி நெஞ்சு அடைத்தாலும் சார்பிட்ரேட் வைக்கக் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். கடைசியாக அந்த மாத்திரையைப் போட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டது. அது உடம்பை விட்டு எப்போதோ போய்விட்டது. இன்று அடைத்தால் தயங்காமல், உட்கார்ந்துகொண்டு சார்பிட்ரேட்டை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். சில்டெனாஃபில் போட்டவர் அதன் பிறகு 24 மணி நேரம் நைட்ரேட் தொடக் கூடாது. டடாலாஃபில் என்று இன்னொரு மாத்திரை இருக்கிறது. அது உடம்பில் நீண்ட நேரம் தங்கும், அதற்கு 48 மணி நேரம். பெயர் தெரியாத மாத்திரையை விழுங்குவதில் உள்ள ஆபத்து இதுதான்: எந்தக் கணக்கு நமக்குப் பொருந்தும் என்றே தெரியாது. இந்த மாத்திரை போட்ட யாருக்காவது நெஞ்சு வலி வந்தால் நைட்ரேட் வைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும், வருகிறவரிடம் இன்ன மாத்திரையை இத்தனை மணிக்குப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வெட்கப்பட்டு மறைத்தால், அவர்களும் நல்லெண்ணத்தோடு நைட்ரேட்டைத்தான் முதலில் கொடுப்பார்கள்.

நைட்ரேட் பல பெயரில் வரும். தினமும் விழுங்கும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், நைட்ரோகிளிசரின் மாத்திரை, வாய்க்குள் அடிக்கும் ஸ்ப்ரே, தோலில் ஒட்டும் பட்டை எல்லாம் ஒரே குடும்பம். நிகோராண்டில் என்ற நெஞ்சு வலி மாத்திரையும் இதே கணக்கில்தான் சேரும்.

இரண்டாவது அவசரம், நீங்கள் நிறுத்தி வைத்திருக்கும் அட்டெனோலால். பிபி மாத்திரைகளில் சில, குறிப்பாக அட்டெனோலாலும், சிறுநீர் அதிகம் போக வைக்கும் தயசைடு வகையும், சிலருக்கு விறைப்பைக் குறைப்பது உண்மைதான். உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சு அடைப்பு இருப்பவர் அட்டெனோலாலைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் வேகமெடுத்து, வலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். மாரடைப்புகூட வரலாம். அந்த மாத்திரை உங்களுக்குப் பிபிக்கு மட்டும் அல்லாமல் இதயத்துக்கும் காவலாக இருந்தது. திரும்ப எந்த அளவில் தொடங்குவது என்று இன்றே கேளுங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் அரசு மருத்துவ ஆலோசனை கிடைக்கும், அதை வைத்துத் தொடங்கலாம்; ஆனாலும் நாளைக் காலை மருத்துவரை நேரில் பார்த்துவிடுங்கள். இதே வேலையைச் செய்யும், விறைப்பைக் கெடுக்காத வேறு பிபி மருந்துகள் இருக்கின்றன. மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. மாற்றுவது மருத்துவர் கையால் நடக்கட்டும்.

சரி, இனி இந்தக் குறை ஏன் வந்தது என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு வருடமாகத் தாம்பத்தியம் சரியாக இல்லை, போன வருடம் நெஞ்சு அடைத்தது. நீங்கள் இரண்டையும் தனித்தனித் தொல்லையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே நோயாகத் தெரிகிறது. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தின் குழாய்கள் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கும். சர்க்கரையும் பிபியும் பீடியும் கொழுப்பும் சேர்ந்து குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கும்போது சின்னக் குழாய் முதலில் திணறும். அதனால் பலருக்கு நெஞ்சு வலிக்கு இரண்டு மூன்று வருடம் முன்னதாகவே விறைப்பு தளர்கிறது. நாற்பது, ஐம்பது வயதில் ஒருவர் இந்தக் குறையோடு வந்தால் நான் சர்க்கரை, பிபி, கொழுப்பு, இசிஜி பார்க்காமல் மாத்திரைச் சீட்டு எழுதுவதே இல்லை. சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்குபவர் இழப்பது இந்தப் பரிசோதனையைத்தான். மாத்திரை வேலை செய்கிறது, பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறார். உள்ளே குழாய் அடைத்துக்கொண்டே போகிறது.

ஆகவே மதுரைப் பயணத்தை இனியும் தள்ளிப் போடாதீர்கள். பூண்டு அறுவடை முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மேட்டில் ஏறும்போது இன்னும் அடைக்கிறது என்கிறீர்கள். தாம்பத்தியத்தில் இதயத்துக்கு ஆகும் உழைப்பு, இரண்டு மாடிப் படிக்கட்டை நிற்காமல் ஏறுவதற்குச் சமம். அந்த அளவு ஏற்றத்தில் நெஞ்சு அடைக்கும் ஒருவருக்கு மாத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உறவே இப்போது ஆபத்து. எக்கோ, டிரெட்மில் பரிசோதனை, தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம் வரை போகலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதயப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். வலி இப்போது ஏறும்போது மட்டும் வருகிறது. உட்கார்ந்திருக்கும்போதோ தூக்கத்திலோ வரத் தொடங்கினாலும், வரவர அடிக்கடி வந்தாலும், மதுரை நாளைக்கு என்று பார்க்காமல் அன்றைக்கே கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்த மாத்திரையே இதயத்துக்கு விஷம் என்று நினைத்துவிட வேண்டாம். நெஞ்சு வலிக்கு மருந்து தேடி இங்கிலாந்தில் சோதித்தபோது கிடைத்ததுதான் சில்டெனாஃபில். நெஞ்சு வலிக்குப் பெரிதாக உதவவில்லை, விறைப்புக்கு உதவியது. 1998-இல் அமெரிக்காவில் அதற்காக அனுமதி கிடைத்தது. இதய நோய் கட்டுக்குள் இருந்து, நைட்ரேட் தேவைப்படாத எத்தனையோ பேர் மருத்துவர் சொல்படி இதைப் பத்திரமாகப் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்கும் அடைப்பைச் சரிசெய்து, மேட்டில் ஏறினாலும் வலி இல்லை என்ற நிலை வந்தபின், நைட்ரேட்டே வேண்டாம் என்று இதய மருத்துவர் எழுதித் தந்தால் வழி திறக்கும். அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: “நைட்ரேட்டை நிறுத்த முடியுமா? விறைப்புக்கு மாத்திரை போடலாமா?” நைட்ரேட் தொடர்ந்தே ஆக வேண்டும் என்றாலும் கை விரிக்க வேண்டியதில்லை. விறைப்பை உண்டாக்கும் வேக்குவம் கருவி, உறுப்பில் போட்டுக்கொள்ளும் ஆல்ப்ரோஸ்டாடில் ஊசி ஆகியவை நைட்ரேட்டோடு மோதுவதில்லை. சிறுநீரியல் மருத்துவர், அதாவது யூராலஜிஸ்ட், சொல்லித் தருவார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜீப் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சில்டெனாஃபிலை வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்குவோம். 65 வயது தாண்டியவர்களுக்கும், ஈரலோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கும் 25. நூறு என்பது உச்ச வரம்பு. எடுத்த எடுப்பில் தொட வேண்டிய அளவு இல்லை. உறவுக்கு ஒரு மணி நேரம் முன்னால், ஒரு நாளைக்கு ஒரே தடவை. கறிச்சோறு போல எண்ணெய் மிகுந்த சாப்பாட்டுக்கு மேல் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். பலர் அப்போதுதான் ‘ஏறவில்லை’ என்று இன்னொன்றைப் போடுகிறார்கள், அதைச் செய்யவே கூடாது. ஆசை இல்லாமல் மாத்திரை மட்டும் விறைப்பைக் கொண்டுவராது. முதல் தடவை பலன் இல்லாவிட்டால் சரியான முறையில் இன்னும் சில தடவை பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். டடாலாஃபில் 36 மணி நேரம் வரை வேலை செய்யும், சாப்பாடு அதைப் பாதிக்காது. இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

புரோஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், எழுந்து நிற்கும்போது மயங்கி விழலாம். பூஞ்சைத் தொற்றுக்கான சில மருந்துகளும், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் சில்டெனாஃபிலின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கடைசி ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் இதயமோ நரம்போ பார்க்கும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. குளிருக்கு என்று இரண்டு ரவுண்டு போட்டுவிட்டு மேலே இந்த மாத்திரையையும் போடுவது மலையில் அதிகம் நடக்கிறது. மது விறைப்பையும் கெடுக்கும், பிபியையும் இறக்கும்.

தலைவலி, முகம் காந்துவது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் எல்லாம் இதன் வழக்கமான பக்க விளைவுகள். பார்வையில் நீல நிறம் படர்வதும் சிலருக்கு உண்டு, சில மணி நேரத்தில் போய்விடும். ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கினாலோ, காது திடீரென்று கேட்காமல் போனாலோ அது அவசரம். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் நின்றால் உறுப்பின் தசை நிரந்தரமாகப் பழுதாகலாம். மலையில் இருப்பவர்கள் நாலாவது மணி வரை காத்திருந்து அப்புறம் வண்டி தேடக் கூடாது. மூன்றாவது மணியிலேயே கிளம்பிவிட வேண்டும். இது அபூர்வம், ஆனால் வெட்கத்தால் விடியும் வரை பொறுத்துக்கொண்டவர்கள்தான் நிரந்தரமாக இழந்திருக்கிறார்கள்.

லேகியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காருபவர் தரும் பொட்டலத்தை ‘மூலிகைதானே’ என்று நம்பி வாங்குகிறவர்கள் அதிகம். மூலிகை என்று விற்கப்படும் இப்படிப்பட்ட பொருட்களில் சில்டெனாஃபிலையே இடித்துக் கலந்திருப்பது பல நாடுகளில் ஆய்வகங்களில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சு வலிக்காரர் ஒருவர், இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம் என்று பயந்து லேகியத்துக்குப் போய், அதே மருந்தை அளவே தெரியாமல் விழுங்கினால் என்ன செய்வது? முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவர்களிடமும் உங்கள் சார்பிட்ரேட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

அந்த மருமகள் முறைப் பெண்ணிடம் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் அவர் கொண்டுவருவது சர்க்கரை, பிபி மாத்திரைகள். அவரிடம் இந்தப் பேச்சுக்கு வேலையே இல்லை. கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்கும்போது ‘சர்க்கரை, நெஞ்சு வலி’ என்று சொன்னால் போதும். உள்ளே மருத்துவர் முன் போனதும், “கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்” என்று கேளுங்கள். இளம் பெண் மருத்துவராக இருந்தால் தயங்காதீர்கள், அவர்கள் இதையும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் நாலு வரி எழுதி நீட்டுங்கள்: நெஞ்சு அடைக்கிறது, சார்பிட்ரேட் இருக்கிறது, அட்டெனோலாலை நிறுத்தினேன், விறைப்பு மாத்திரை இரண்டு தடவை பாதி போட்டேன். மிச்சம் இருக்கும் மூன்று மாத்திரையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், திருப்பி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கூடவே மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகப் பரிசோதனையும், காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். பீடி பிடிப்பவரானால் அதையும் மறைக்க வேண்டாம். மருந்துக்கு அடுத்தபடியாக விறைப்பைத் திருப்பித் தரும் சக்தி உள்ள காரியம் பீடியை விடுவதும் சர்க்கரையை அடக்குவதும்தான். ஒன்பது வருடச் சர்க்கரை நரம்பையும் தொட்டிருக்கலாம், அதனால் பலன் மெதுவாகத்தான் தெரியும்.

உங்கள் நண்பரிடமும் பேசுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. அவருக்கு என்ன வயது, பிபி பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவர் இதைப் போட்டுக்கொண்டு தலை சுற்றினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அடுத்த தடவை கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் ஜீப்பிலேயே போய், அவருக்கும் ஒரு ஓபி சீட்டு போட்டுவிடுங்கள்.